கருகாத சிவப்பு நூல்

ஜனவரி 14
தார்த்து நகரம் முழுக்கப் பனி. ஆய்வு மாணவி மாரித்துக்குப் பின்னிய சிவப்புக் கையுறையை இன்று கொடுத்தேன். ஆய்வகத்திலேயே மாட்டிக்கொண்டு ஆடினாள்.

அவள் செய்த புது அமிலம் என்னதான் செய்யும் என்று கேட்டேன்.

"அமிலம்னா ஒரு ஹைட்ரஜனை விட்டுக்கொடுக்கணும், விர்வே. கொடுத்த இடத்துல எதிர்மின்சுமை தனியாத் தவிக்கும். என் மூலக்கூறுல அந்த இடத்துக்குப் பக்கத்துலயே ரெண்டு கை மாதிரி நீட்டிட்டு இருக்கு. ஹைட்ரஜன் பிணைப்பால அதைத் தாங்கிக்கும். தாங்க ஆள் இருந்தா கொடுக்கறது சுலபம், அமிலமும் வலுவாயிடும்."

சின்ன வயதில், வோரு ஊரில் எங்கள் பண்ணையில் ஒரு வருடம் கன்றை விற்றபோது, மற்ற இரண்டு பசுக்கள் தாயை இரு பக்கமும் ஒட்டியே நின்றன. அப்பா பால் கறக்கப் பட்ட பாடு! எதற்கோ அது ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 3
அமிலத்தை அளந்த முடிவு வந்துவிட்டது. யாரும் எதிர்பார்க்காத வலு. பேராசிரியர் உர்மாஸ் மேசையைத் தட்டினார். மே மாதம் மாரித்துக்கு டாக்டர் பட்டத் தேர்வு.

பிப்ரவரி 20
ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்திலிருந்து அழைத்தார்கள். அங்கே அளந்தால் அந்த வலு வரவில்லையாம். இங்கே எங்கள் கரைப்பானைச் சோதித்தார்கள். ஈரம்.

"எமயோகி ஆத்தையே குப்பியில ஊத்தி வெச்சீங்களா, விர்வே?" என்றார் உர்மாஸ். யாரும் சிரிக்கவில்லை.

தண்ணீரும் போய் அந்தச் சுமையைப் பிடித்துக்கொள்ளுமாம். அப்படியானால் தாங்கியது கைகளா, தண்ணீரா?

ஈரம் எடுப்பது என் வேலை. ஈரம் உறிஞ்சும் மணிகளை மாலையில் அடுப்பில் முந்நூறு டிகிரிக்கு வைத்துவிட்டுப் போவேன். அடுப்பு தானாக அணையும். காலையில் எடுத்துக் கரைப்பானில் போடுவேன். வைத்தேனே — வைக்கலையா நான்?

பிப்ரவரி 21
அந்த அளவுக்குப் பிறகு யாரும் மூட்டாத அடுப்பைத் துடைத்தேன். கம்பித் தட்டில் ஒரு சிவப்பு நூல். கம்பளி நூல். கருகவே இல்லை. முந்நூறு டிகிரியில் அது சாம்பலாகியிருக்க வேண்டும்.

என் நூல்தான். எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 22
தூங்கவில்லை. மாரித்திடம் காட்டினேன். பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்குக் கையுறை நனைஞ்சிருந்துது, அடுப்புல காய வெச்சேன்... கருகிடக் கூடாதுன்னு சூட்டைக் குறைச்சேன். திரும்ப ஏத்த மறந்துட்டேன், விர்வே."

"அந்த நூலைத் தூக்கிப் போட்டுடு" என்றேன். " கிழவிக்கு ஞாபகம் தப்பிடுச்சுன்னு நான் சொல்லிக்கறேன்."

"உளறாதீங்க" என்று எழுந்து நேராக உர்மாஸ் அறைக்குப் போனாள்.

மார்ச் 9
மணிகளை நானே பக்கத்தில் உட்கார்ந்து காய்ச்சினேன். மறுபடி அளந்தார்கள். கைகள் தாங்கத்தான் செய்கின்றன, கொஞ்சம். மீதியெல்லாம் தண்ணீர்.

மே 16
தேர்வு இல்லை. உதவித்தொகை முடிந்தது. மாரித் தாலின் நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கையுறை இங்கே ஆய்வகக் கொக்கியிலேயே தொங்குகிறது.

நவம்பர் 11
முதல் பனி. அடுப்புக் கதவில் உர்மாஸ் ஒட்டிய தாள்: துணி வைக்காதீர்கள்.

தாவி என்ற புது மாணவன் கையை ஊதிக்கொண்டே வந்தான். "எனக்கும் ஒரு ஜோடி பின்னிக் குடுங்களேன், விர்வே. அந்தச் சிவப்புலயே."

"சிவப்பு தீர்ந்துபோச்சு" என்றேன்.

சிவப்பு நூல் பாதி உருண்டை என் பைக்குள்ளேயே இருந்தது.