ஆறாம் தேதியா, ஏழாம் தேதியா

லிஸ்பன்
28 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சினேகா,

நலம்தானே? அப்பாவுக்கு முட்டிவலி தேவலையா? போனில் கூப்பிட்டால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால்தான் மெயில் எழுதுகிறேன்.

படம் உறுதியாகிவிட்டது! பணம் சியோலிலிருந்து, படத்தை எடுப்பது இங்கே லிஸ்பனில் நான் வேலை செய்யும் கம்பெனி, ஒலிக்கலவை சென்னையில். கதாநாயகி இங்கே ஒரு பழைய வீட்டுக் கதவைத் திறப்பாள். அடுத்து காலை வைப்பது அடி அண்ணாமலையில் உங்கள் வீட்டு மொட்டை மாடியில்! எதிரே மலை. ஊர்ப்பக்க வேலை முழுக்க உன் பொறுப்பு. கம்பெனியில் உன் பெயரைச் சொன்னது நான்தான். ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை தேடிக்கொண்டு நாம் இரண்டு பேரும் ஸ்கூட்டியில் சுற்றினோமே, இப்போது பார்.

நடிகை கொடுத்திருப்பது ஒரே நாள் கால்ஷீட். அக்டோபர் 6, மாலை மூன்று மணி. பௌர்ணமி 7, கிரிவலக் கூட்டத்துக்கு முந்தைய நாள் என்று பார்த்துத்தான் தேதி போட்டேன். இது நல்லபடியாக முடிந்தால்தான் என் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் டிசம்பரோடு விசா முடிகிறது. சோறே இறங்கவில்லை போ.

உன்
உஸ்மா


அடி அண்ணாமலை
3 செப்டம்பர்

அடியே உஸ்மா,

தேதியைப் பார்த்ததும் பகீரென்றது. உன் போனில் பௌர்ணமி ஏழு என்றுதான் இருக்கும். நம் பஞ்சாங்கப்படி ஆறாம் தேதி மதியமே பௌர்ணமி பிறந்துவிடுகிறதே! கூட்டம் அப்போதே நடக்க ஆரம்பித்துவிடும். வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஜெனரேட்டர் எப்படி வரும்? எங்கள் வாசலில் ஆயிரக்கணக்கானவர்கள் அரோகரா போடும்போது அந்தப் பெண் பேசும் வசனம் யார் காதில் விழும்?

உன் அம்மிகூட ஆறாம் தேதிக்குத்தான் கடைக்குத் தண்ணீர் பாட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். "அன்னிக்கு கூட்டம் ஜாஸ்தி வரும், நீயும் ஒரு கை பிடிக்க வாயேம்மா" என்று என்னையே கூப்பிட்டார்கள். திருவண்ணாமலையில் பிறந்தவள் செய்கிற வேலையாடி இது? இன்றைக்கே சொல்லி எட்டாம் தேதிக்கு மாற்று. பயப்படாதே, இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

சினேகா


லிஸ்பன்
10 செப்டம்பர்

சினேகா,

சொல்லிவிட்டேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். நீ நேராக அவர்களுக்கு எதுவும் எழுதிவிடாதே, இங்கே எல்லாம் என் வழியாகத்தான் போகவேண்டும். வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அம்மியிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

உஸ்மா


அடி அண்ணாமலை
4 அக்டோபர்

உஸ்மா,

நீ சொல்லியும் கேட்கவில்லையா இவர்கள்? யூனிட் சென்னையில் வந்து இறங்கிவிட்டது, தேதி அதே ஆறுதான். அப்பா தலையில் அடித்துக்கொள்கிறார். "பௌர்ணமி அன்னிக்கு எவனாவது சினிமா எடுப்பானாம்மா?"

நீ கவலைப்படாதே. லைட், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் நாளைக்கே வரவழைத்து வீட்டுக்குப் பின்னால் நிறுத்திவிடுகிறேன். நடிகையையாவது காலையிலேயே அனுப்பச் சொல். சத்தத்துக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

சினேகா


லிஸ்பன்
8 அக்டோபர்

சினேகா,

எப்படி எழுதுவேன்? நான் சொல்லவே இல்லை. உன் கடிதம் வந்த அன்றுதான் நடிகைக்கு டிக்கெட் போட்டு முடித்திருந்தார்கள். பௌர்ணமியைப் பார்த்துத்தான் தேதி போட்டேன் என்று ஆபீஸ் மீட்டிங்கில் எல்லோர் முன்பும் பெருமையடித்திருந்தேன். தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

படப்பிடிப்பு ஏன் கெட்டுப்போனது என்று நேற்று தயாரிப்பாளர் இசபெல் என்னை உட்காரவைத்துக் கேட்டார். ஊர்க்காரப் பெண் நமக்குச் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டேன். என் வாயா அது? என்னை மன்னித்துவிடு. விசா கிடைத்ததும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறேன்.

உஸ்மா


அடி அண்ணாமலை
10 அக்டோபர்

உஸ்மா,

அன்றைக்கு இங்கே என்ன நடந்தது என்றாவது தெரியுமா உனக்கு? அந்தப் பெண்ணைக் காலையில் அனுப்பவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக வெறுங்காலில் நடந்து வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை. வெயில் போயே போய்விட்டது. ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். யாரும் என்னைத் திட்டவில்லை, ஆனால் யாரும் என் முகத்தையும் பார்க்கவில்லை. ஊர்க்காரி நான் எச்சரிக்காமல் விட்டுவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்கள், இப்போதுதான் புரிகிறது.

இசபெல் எனக்கும் எழுதியிருக்கிறார். முன்கூட்டியே எச்சரித்தாயா என்று திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். அடுத்த வருடம் ஒரு படத்துக்காக சியோல்காரர்கள் என்னைக் கேட்டிருந்தார்கள். இனி எவர் கூப்பிடுவார்? மூன்று ஊர்க்காரர்களும் பேசிக்கொள்கிறவர்கள், என் பெயர் மூன்று ஊரிலும் கெட்டுப்போகும்.

மூன்றாம் தேதி உனக்கு எழுதிய கடிதம் என்னிடம் அப்படியே இருக்கிறது. அதை அனுப்பினால் நீ முடிந்தாய். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. ஞாயிறு வரை பொறுக்கிறேன். நீயே சொல்லிவிடுடி.

சினேகா


லிஸ்பன்
12 அக்டோபர்

சினேகா,

இசபெல்லிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

உஸ்மா


அடி அண்ணாமலை
13 அக்டோபர்

உஸ்மா,

உன் ஒரு வரியை நான் நம்பவில்லை. இன்று மதியம் என் பழைய கடிதத்தை இசபெல்லுக்கு அனுப்பிவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. நீ நேற்றே அவர் வீட்டுக்குப் போய், ஒன்று விடாமல் சொல்லி அழுதாயாம். டிசம்பருக்குப் பிறகு உன்னை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டாராம். என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். கூடவே, "நீ இதை அனுப்பியிருக்கவே வேண்டாம்" என்றும் எழுதியிருக்கிறார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் ஆகிவிட்டது.

என் பெயரைக் காப்பாற்றிவிட்டாய். கோபமெல்லாம் இல்லை. டிசம்பரில் வா, பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்து கூட்டிப்போகிறேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், உஸ்மா. இனி நீ நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால்கூட, நான் உன் அம்மியிடம் போய் ஒரு முறை கேட்டுக்கொள்வேன். அப்படி ஆகிவிட்டதே என்றுதான் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன்.

சினேகா