வெற்றிடத்தைக் கிழிக்கும் வெளிச்சம்

14.8.1984, செவ்வாய்

நாளை ஈப்போ ஆஸ்பத்திரியில் என் மனைவி ராசம்மாவின் கண்ணுக்கு லேசர் சிகிச்சை. இனிப்பு நீர், அந்தச் சர்க்கரை வியாதி, பார்வையைத் தின்றுகொண்டிருக்கிறது. தள்ளிப்போட்டால் இருப்பதும் போய்விடும் என்கிறார் டாக்டர். சாயங்காலம் அவள் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்கதானே கோப்பிக்கடையில சண்ட போட்டீங்க? பலமான லேசர் வெளிச்சம் ஒன்னுமில்லாத எடத்தையே கிழிச்சு, உள்ளருந்து எலெக்ட்ரான வெளிய இழுக்கும்னு. என் கண்ணு எம்மாத்திரம்?”

நான் சொன்னது பொய்யில்லை. புத்தகங்களோடு மல்லுக்கட்டி நானே கற்றது. படித்தவர்கள் சிரித்தபோதும் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப வாங்கியதில்லை. இனியும் வாங்க மாட்டேன். ஆனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அந்த வெளிச்சத்துக்கு முன்னால ஆஸ்பத்திரி லேசரு வெறும் மெழுகுவத்தி. நான் சொல்றத உலகத்துல இன்னும் யாரும் உண்டாக்கவே இல்ல.”

என்னையே பார்த்தாள். “பொறக்காத வெளிச்சத்துக்கா ஊர்ல பாதிப் பேரோட பேச்சு வார்த்தை இல்லாம இருக்கீங்க?”

வாயில் பதில் இருந்தது. அதை விட்டுவிட்டு, நாளைக்கு அவள் உடுத்தச் சேலையை எடுத்து வைத்தேன்.

“சரி, போலாம். ஆனா நீங்களும் உள்ள வரணும்லா” என்றாள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் விடாவிட்டால் அவரோடும் சண்டைதான்.