பாலம் ஆடணும்

செவ்வாய், இரவு.

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொங்குபாலத்தில் ஓட்டை விழுந்த இடங்களுக்கு ஞாயிறன்று நாங்களே பலகை அடித்தோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழி அது. கண்டியிலிருந்து வெள்ளைக்காரர்களைச் சாகசச் சுற்றுலாவுக்குக் கூட்டிவரும் என் முதலாளி இன்று காலை அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

“பாலம் ஆடணும், கீழ தண்ணி தெரியணும். அதுக்குத்தானே வர்றாங்க. பலகையக் கழட்டு.”

கழற்றினேன். வந்தவர்களுக்குத் தலைக்கவசமும் இடுப்புக் கயிறும் மாட்டிவிட்டேன். அலறிச் சிரித்துக்கொண்டே கடந்தார்கள். எனக்குக் கைகொடுத்து நன்றி வேறு சொன்னார்கள்.

பின்னேரம் மகள் அதே பாலத்தால் வீட்டுக்கு வந்தாள். முழங்கால் சிராய்த்திருந்தது.

“அப்பா, புதுப் பலகைய யாரோ களவெடுத்துட்டாங்க.”

“யாருன்னு பாக்குறேன்” என்றேன்.

நம்பித் தூங்கிவிட்டாள். நாளைக்கும் பள்ளிக்கூடம் இருக்கிறது.