நீலக் காருக்கு நான்கு டயர்

ஜூன் 3, செவ்வாய்

காற்றடிக்க வந்த நீலக் காரின் முன்சக்கரத்தில் உள்விளிம்பு மட்டும் மொட்டையாக இருந்தது. நின்று பார்த்தால் தெரியாது. நான் காற்றுக்குழாயோடு தரையில் உட்கார்ந்திருந்ததால் தெரிந்தது. வெளிப்பக்கம் தரையைப் பிடிக்கிற பட்டன் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. உள்ளே இரண்டு விரல் அகலத்துக்கு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் போகிற ஸ்போர்ட்ஸ் கார். பெரியப்பாவின் டயர் கடைக்கு நான் வேலைக்கு வந்த ஒன்றரை வருடத்தில் இப்படி ஒரு வண்டி வந்ததில்லை.

ஓட்டி வந்தவர் அடுத்த தெருப் பல் டாக்டர். ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அவர் "தேங்க்ஸ்மா" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 4

சொல்லியிருக்க வேண்டும். என் வாய்க்கு யார் பூட்டுப் போட்டது?

ஜூன் 7, சனி

அவரே வந்தார். "மழையில வண்டி வழுக்குது. போன வாரம் ஒரு வளைவுல உயிர் போயிட்டு வந்துச்சு" என்றார். இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு, தோழிகளோடு மலைப்பாதையில் ஓட்டப் போகிறாராம். அதற்குள் நான்கும் புதிதாக வேண்டும்.

கவுண்டரில் இருப்பது அண்ணன், பெரியப்பா மகன். காக்காய்க்கும் டயர் விற்றுவிடுவான். மேல்தட்டில் கிடந்த நான்கை இறக்கி, துணியால் துடைத்து, "உங்க அதிர்ஷ்டம் டாக்டர். அச்சு அசல் ரேஸ் டயர். இந்த சைஸ் வேற யார்கிட்டயும் கிடைக்காது" என்றான்.

நான் பக்கவாட்டில் இருக்கிற நான்கு எண்களைப் பார்த்தேன். 3118. பதினெட்டாம் வருடம், முப்பத்தொன்றாவது வாரம் செய்தது. ஏழு வருடமாகத் தட்டில் இருந்திருக்கிறது. நகத்தால் அழுத்தினேன். பதியவே இல்லை. ஓடாத டயர் புதுசு என்று அண்ணன் நினைக்கிறான். ரப்பர் சும்மா இருந்தாலும் இறுகும்.

"மாட்டு" என்றான்.

இவ்வளவு தட்டையான டயரை ரிம்மில் கீறல் விழாமல் ஏற்றுவது இந்தக் கடையில் நான் ஒருத்திதான். பெரியப்பாவுக்கு முதுகு வலி. அண்ணன் கடைசியாக ஏற்றிய ரிம்மைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

"மாட்ட மாட்டேண்ணே."

"ஊமைக்கோட்டான் வாயைத் திறந்தா இதுதான் வருமா?"

டாக்டர் என் பக்கம் திரும்பி, "ஏம்மா?" என்றார். அவ்வளவுதான். ஒரு சொல்லும் வரவில்லை. பள்ளியில் எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னால் நின்றுகொண்டே இருப்பேனே, அதே மாதிரி. அதனால்தானே ஒன்பதாவதோடு நின்றேன். அடையாளம் போடுகிற மஞ்சள் சாக்கட்டி பக்கத்தில் இருந்தது. எடுத்து டயர் மேலேயே பெரிதாக எழுதினேன்: 7 வயசு. மற்ற மூன்றிலும் எழுதினேன்.

டாக்டர் குனிந்து படித்தார். "ஏழு வயசா? எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா பால் பல்லு விழற வயசு."

அண்ணன் முகம் கறுத்துப் போனது. பெரியப்பா உள்ளேயிருந்து வந்து சாக்கெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீதானே வேணாம்னே? நீயே பாத்து வரவழை. ஏதாவது ஏடாகூடம் ஆச்சு, அப்புறம் வாடிக்கை முன்னாடி மூச்சு விடக் கூடாது. மெஷினோட இருந்துக்கணும்."

"சரி பெரியப்பா."

இந்த மாதிரி வண்டிக்கு நான் டயர் தேர்ந்தெடுத்ததே இல்லை. ஆனால் பார்த்துவிடுகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று டாக்டர் கிளம்புவதற்குள் ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதி நீட்டினேன். பதிலும் எழுதிக் கொடுத்தார். டாக்டர் கையெழுத்து, பாதி ஊகம்தான். தினமும் ஊருக்குள் கொஞ்ச தூரம். மாதம் ஒரு தடவை மலை. மழையிலும் ஓட்டுவேன்.

மெத்தென்ற ரேஸ் வகை வேண்டாம். சூடேறினால்தான் அது பிடிக்கும்; ஊருக்குள் சூடே ஏறாது. தண்ணீர் வெளியேற வழியும் அதில் குறைவு. வருடக்கணக்கில் உழைக்கிற கடினமான வகையும் வேண்டாம், பிடிப்பு போதாது. நடுவில் ஒன்று இருக்கிறது: ஸ்போர்ட்ஸ் டயர்தான், ஆனால் நான்கு ஆழமான கோடு, தண்ணீரை வாரி வெளியே தள்ளும். அதுதான்.

அம்மா எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை பாக்கறவங்க கூட இவ்வளவு பாக்க மாட்டாங்கடி" என்றாள்.

ஜூன் 9, திங்கள்

ஆர்டர் கொடுத்தாயிற்று. 225 மில்லிமீட்டர் அகலம், நான்கு. இந்த வருடத்து டயராக இருந்தால்தான் எடுப்போம் என்று கீழே கோடு போட்டு எழுதினேன்.

ஜூன் 13

வரவில்லை. அண்ணன் என்னோடு பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. என்ன வித்தியாசம் என்று யாருக்கும் தெரியாது.

ஜூன் 18, புதன்

ஐயோ.

காலையில் டாக்டர் வண்டியை விட்டுவிட்டுக் கிளினிக்குக்கு நடந்து போனார். புது டயர் நான்கும் வரிசையாக நின்றன. வண்டியைத் தூக்கி முன்சக்கரம் இரண்டையும் கழற்றினேன். பிறகு பின்னால் போனேன். 255. மறுபடி படித்தேன். 255. பின்சக்கரம் மூன்று சென்டிமீட்டர் கூடுதல் அகலம். இந்த மாதிரிக் கார்களில் அப்படித்தான் இருக்குமாம். நான் பார்க்கவே இல்லையே. முன்னால் ஒரு மொட்டையைக் கண்டுபிடித்த பெருமையில் பின்னால் போகவே இல்லை. எங்கள் கடைக்கு வருகிற வண்டிக்கெல்லாம் நான்கும் ஒரே அளவு, இதற்கும் அப்படித்தான் இருக்கும் என்று… அறிவு எங்கே போச்சு எனக்கு?

அண்ணன் வந்து பார்த்தான். வாய் கொள்ளாமல் சிரித்தான். அப்புறம் மேல்தட்டைப் பார்த்தான். அங்கே இருக்கிற நான்கும் 225தான்; அவன் விற்றிருந்தாலும் இதே கதிதான். சிரிப்பு நின்றது.

"நீயே போன் பண்ணு" என்று மட்டும் சொன்னான்.

சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினேன். "ஹலோ?" என்றார். தாளில் இருந்த முதல் வரியை விரலால் தொட்டுக்கொண்டு நின்றேன்.

"பல் வலியா? பேச முடியலன்னா பரவாயில்ல. மெதுவா சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

இருந்தார். நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தார். இதுவரை யாரும் எனக்காக அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை.

"டயர் கடை டாக்டர். தப்பு என்னோடது. பின்சக்கரம் அகலம். நான் முன்னாடி மட்டும்தான் பாத்தேன். டீலரைக் கேட்டேன், பின்னாடிக்குச் செவ்வாய்க்கிழமைதான் வரும்."

"ஞாயித்துக்கிழமை நான் போகணுமே. முன்னாடி ரெண்டை மாட்டிடு. பின்னாடி பழசு இருக்கட்டும், பாக்க நல்லாத்தானே இருக்கு."

"வேணாம் டாக்டர். முன்னாடி பிடிக்கும், பின்னாடி பிடிக்காது. ஈரமான வளைவுல பின்பக்கம் முந்திக்கிட்டு வரும்."

"அது என் பாடு."

"நான் மாட்டித் தர மாட்டேன்."

போன் வைக்கப்பட்டது.

சாயங்காலம் வந்து அண்ணனிடம் சாவி வாங்கிக்கொண்டார். நான் பழைய சக்கரங்களை மறுபடி மாட்டியிருந்தேன். வாசல் வரை ஓடி, "இதோட மலைக்குப் போகாதீங்க" என்றேன். கண்ணாடி இறங்கவில்லை. கேட்டதா என்று தெரியாது.

ஜூன் 19

பெரியப்பா திட்டவில்லை. "மெஷினோட இரு" என்றார். சொன்ன சொல்தானே. பின்சக்கரத்துக்கு இரண்டு ஆர்டர் எழுதினேன். மூன்று தடவை சரிபார்த்துவிட்டுக் கொடுத்தேன். மிச்சமாகும் இரண்டை டீலர் திருப்பி எடுத்துக்கொள்வார்.

ஜூன் 22, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. வேறு யாராவது மாட்டிக் கொடுத்திருப்பார்களா? அந்த மொட்டை டயரோடே கிளம்பியிருப்பாரா? நான் மாட்டிக் கொடுத்திருந்தால் முன்பக்கமாவது… இல்லை. அது இன்னும் மோசம். மறுபடி கேட்டாலும் மாட்ட மாட்டேன். அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

வந்துவிட்டன. 255, இரண்டு. இந்த வருடம், பதினான்காவது வாரம். யாரும் சொல்லாமல் நானே போன் எடுத்தேன். விரல் எண்ணில் நின்றது, நின்றது, அழுத்திவிட்டேன்.

"பின் டயர் வந்துடுச்சு டாக்டர்."

"நாளைக்கு வரேன்" என்றார். குரல் இருந்தது. அது போதும்.

ஜூன் 25, புதன்

டாக்டர் வண்டியிலிருந்து இறங்கி நேராக என்னிடம்தான் வந்தார்.

"தோழி கார்ல பக்கத்து சீட்ல உக்காந்து மலைக்குப் போயிட்டு வந்தேன். ஒவ்வொரு வளைவுலயும் உன்னைத் திட்டிக்கிட்டே போனேன்."

"சரி டாக்டர்."

"என்ன சரி? திட்டுனதா?"

"தோழி கார்ல போனது."

அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

நான்கையும் மாட்டினேன். ரிம்மில் ஒரு கீறல் இல்லை. பேலன்ஸ் பார்த்தேன். முன்சக்கரம் உள்பக்கம் சாய்ந்திருந்ததால்தான் அந்த ஓரம் தேய்ந்திருக்கிறது. அதையும் அளந்து நிமிர்த்தியாயிற்று. "புது டயர் மேல ஒரு வழுவழுப்பு இருக்கும். முதல் இருநூறு கிலோமீட்டர் மெதுவா போங்க" என்றேன். தாளில் எழுதாமல் வாயால் சொன்னேன். "மெதுவாவா, இந்த வண்டியிலயா?" என்று முனகிக்கொண்டே மெதுவாகத்தான் போனார். தெருமுனை வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 28, சனி

கவுண்டரில் ஒருவர் அண்ணனிடம் என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தார்: மழைக்கு எது, வேகத்துக்கு எது, எத்தனை வருடம் வரும். அண்ணன் கொஞ்ச நேரம் சமாளித்தான். பிறகு பக்கவாட்டில் திரும்பி, "இங்க கொஞ்சம் வா. இவருக்கு நீயே சொல்லு" என்றான்.

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் நாற்காலியை ஓரமாக இழுத்து வழி விட்டார்.

கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.