நாய் இல்லை என்று சொன்னேன்

அன்பு மகளுக்கு,

நீ விட்டுப்போன நாய் நலம். மூன்று வருடமாகியும் உன் பழைய செருப்பின் மேல்தான் தூங்குகிறது.

நெஞ்சு வலியென்று போனபோது டாக்டர், "வீட்ல நாய் இருக்கா?" என்று கேட்டார். அதைப் பிரித்துவிடுவார்களோ என்று பயந்து, "இல்லைங்க" என்றேன். அந்தப் பொய்யால் நான்கு மாதம் வேறு ஏதோ கட்டியென்று வைத்தியம் பார்த்தார்கள். நேற்று உண்மையைச் சொன்னதும் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். நாயிடமிருந்து தொற்றிய புழு, இதயத்தில் நீர்க்கட்டியாக வளர்ந்திருக்கிறதாம். உடையாமல் எடுக்க வேண்டுமாம்.

நாய்க்கும் பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. அதைத் திட்டாதே, நான் கதவைத் திறந்தால் எழுந்து வர வேறு யார் இருக்கிறார்கள்?

வியாழக்கிழமை ஆபரேஷன். அன்று உனக்கு வேலை இருக்கும். "சொந்தக்காரங்க ஒருத்தர் கையெழுத்துப் போடணும்" என்று நர்ஸ் சொன்னார். அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.

உன் அப்பா