நான்கு ராஜாவும் மூடிய கண்களும்

அன்புத் தம்பி,

பக்கவாதத்தில் பேச்சு நின்ற பிறகும் அப்பாவை நம் பாஸ்க் சங்கத்துக்குக் கூட்டிப்போய், கையில் சீட்டைக் கொடுத்து உட்காரவைக்கிறோம். நீ புவெனஸ் ஐரிஸ் போனதிலிருந்து, அவர் கூட்டாளியாக நீ உட்காரும் எதிர் நாற்காலி காலிதான்.

நேற்று அதைப் பார்த்துக் கண்களை மூடினார். 'கையில் ஒன்றுமில்லை' என்று முஸ் சீட்டாட்டத்தில் கூட்டாளிக்குக் காட்டும் சைகை!

"அண்ணன் தூக்கத்துல இருக்காருடி, நீ வேற!" என்றாள் மாயலென் அத்தை.

எனக்கு மனசு கேட்கவில்லை. சீட்டை எட்டிப் பார்த்தேன். நான்கும் ராஜா, ஆட்டத்திலேயே உயர்ந்த சீட்டு.

"பொய்ச் சைகை காட்டுறவன் என் புள்ளையே இல்ல" என்று உன்னை விரட்டியவர் பொய் காட்டுவாரா? அப்படியானால் எதைச் சொல்கிறார்?

சோதிக்க நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார். நான் எழுந்ததும் மறுபடி எடுத்துக்கொண்டு, காலி நாற்காலியைப் பார்த்துக் கண்களை மூடினார்.

உன் அக்கா