ஹப்ஸா பிடித்த நோன்புகள்

ஓட்டமாவடி,
ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பிறகு.

என் மகள் ஹப்ஸாவுக்கு,

அல்லாஹ்வின் சாந்தியும் காவலும் உன்மேல் இருக்கட்டும். இங்கே வாப்பா, தம்பி அப்ஹாம், நான் மூவரும் நல்ல சுகம். உன் சுகம் நீ போனில் சொல்லும் அளவுக்குத்தான் எங்களுக்குத் தெரியும், அதையும் இப்போது நான் அரைவாசிதான் நம்புகிறேன், காரணத்தைக் கீழே சொல்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்கினால், வகுப்புக்கு நேரமாயிற்று உம்மா என்று வெட்டிவிடுகிறாய், கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. வாப்பா ஆட்டோவுக்குப் புது டயர் போட்டுவிட்டார், ஆனாலும் உன்னிச்சைப் பக்கம் ஹயர் வந்தால் பாதையைத் திட்டிக்கொண்டேதான் போகிறார். அப்ஹாம் சோதனைக்குப் படிக்கிறானாம், புத்தகம் திறந்திருக்கிறது, கண் கிரிக்கெட்டில் இருக்கிறது. வீட்டின் முன் அறைக்குச் சீமெந்து பூசியாயிற்று, பின் அறை மழைக்குப் பிறகுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு வாசலில் ஒரு பெரிய வேன் வந்து நின்றது. இறங்கிய பிள்ளை, தான் அஸீமா என்றும், நீ புலமைப்பரிசிலில் போன அந்த வெளிநாட்டு யுனிவர்சிட்டியில் உன்னோடு படிப்பதாகவும் சொன்னாள். விடுமுறைக்குக் கொழும்பு வந்தவள், வீட்டாரோடு பாசிக்குடாவுக்கு வந்திருக்கிறாள், அவர்களை ஹோட்டலில் விட்டுவிட்டு விசாரித்து விசாரித்து நம் வீட்டைத் தேடிப் பிடித்திருக்கிறாள். உன்னிடம் முதலே கேட்டாளாம், நாங்கள் கதிரவெளிக்குக் கலியாணத்துக்குப் போய்விட்டதாக நீ சொன்னாயாம். முடிந்து வந்திருப்பீர்கள் என்று நினைத்தேன் ஆன்ட்டி என்றாள். கதிரவெளியில் நமக்கு யார் இருக்கிறார்கள் மகள்? எனக்குச் சுருக்கென்றது, பூசாத சுவரை அவள் பார்க்கக் கூடாது என்றுதானே சொன்னாய் என்று விளங்கிவிட்டது. அவளோ சுவரைப் பார்க்கவேயில்லை. ஹப்ஸாவின் அறை எது என்று கேட்டாள், எங்கட பக்கம் வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான், முழு வீடும் அவட பேர்லதான் இரிக்கி என்றேன். எங்கள் கூட்டத்தில் ஒருத்தருக்கும் சொந்த வீடில்லை, இவள் ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று வாயைப் பிளந்தாள்.

கொழும்புப் பெரிய வீட்டுப் பிள்ளை என்று நான் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு முப்லிஹாவிடம் கண்ணாடிப் பீங்கானும் கரண்டியும் வாங்கி வந்து வைத்தேன். அவள் கை கழுவிவிட்டு வந்து, சஹன் இல்லையா ஆன்ட்டி என்று கேட்டாள். நம் ஊரில் எல்லோரும் ஒரே பெரிய தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடுவோம் என்று நீ சொல்லியிருக்கிறாயாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, பெருநாளுக்கு எடுக்கும் சஹனை அலுமாரி மேலிருந்து இறக்கினேன். வாப்பா ஹயரில், அப்ஹாம் வெளியே, முப்லிஹாவும் நானும் அவளுமாக உட்கார்ந்தோம். ஆற்று இறாலை ருசித்துச் சாப்பிட்டவள் சொன்னாள், ஹப்ஸாவோட ஒரு நாளாவது இப்படி இருந்து சாப்பிட ஆசை ஆன்ட்டி, எங்க, அவ எப்பவும் நோன்பு பிடிக்கிறவதானே. பகல் சாப்பாட்டுக்கு வெளியே போவோம் என்று யார் கூப்பிட்டாலும் நீ நோன்பாம், அவளுடைய பிறந்தநாள் விருந்துக்கும் நோன்பாம். என் கை சஹனில் அப்படியே நின்றுவிட்டது. றமழான் மாதத்திலேயே பகல் லுஹர் தொழுகைக்கு முன்னே தலையிடி என்று பாயில் சுருண்டு, நோன்பு திறக்கும் பாங்குக்கு இன்னும் எவ்வளவு நேரம் உம்மா என்று கேட்கிற பிள்ளை நீ. பிறந்தநாள் விருந்து என்று அவள் சொன்ன அந்தச் சனிக்கிழமை பகல், வீடியோ போனில் என் கண் முன்னே பாணைத் தேத்தண்ணீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாய்.

இன்னும் கேள், அஸீமா சொன்னதை. நான் சரியாகத் தொழுவதில்லை, தலையில் துணி போடுவதில்லை, அதனால்தான் ஹப்ஸா என்னோடு ஒட்டுவதில்லை போல என்றாள், சொல்லும்போது அவள் முகம் வாடிவிட்டது. அங்கே முதல் கேள்வியே எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்பதுதானாம், பதிலைக் கேட்டு ஆளை அளப்பார்களாம், விடுமுறைக்குப் பனி மலையில் சறுக்கப் போகிறவர்கள் ஒரு மேசை, மற்றவர்கள் வேறு மேசை. இத்தனை வசதியிருந்தும் அந்த மேசையில் தானும் ஓரத்தில்தான் என்றாள், அவர்கள் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமலே சிரிப்பாளாம். பக்கத்தில் இருக்க ஒரு ஆளைத் தேடி உன்னிடம் வந்திருக்கிறாள். நீ அவளைப் பெரிய இடம் என்று ஒதுங்குகிறாய், அவள் உன்னைப் பெரிய பக்திமான் என்று ஒதுங்குகிறாள். சின்ன வயசிலயே இப்படித்தானா ஆன்ட்டி என்று கேட்டாள். உண்மை நாக்கு நுனி வரை வந்தது, உன் மானத்தை நினைத்து ஓம், அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். பிடிக்காத நோன்புக்கு உம்மாவும் சாட்சி.

அவள் போன பிறகு எனக்கு முதலில் கோபம் வந்தது, நோன்பு அல்லாஹ்வுக்குரியது, அதை மறைப்புத் துணியாக விரித்துவிட்டாயே என்று. பிறகு அழுகை வந்தது. காசில்லை என்று சொல்வதைவிடப் பசியோடு இருப்பது உனக்கு லேசாகத் தெரிந்திருக்கிறது. வாப்பாவிடம் நான் சொல்லவில்லை, சொன்னால் ஆட்டோவை விற்கப் புறப்பட்டுவிடுவார். அந்தக் கடைகளுக்கு நீ போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை மகள், இது எனக்குக் கட்டுப்படியாகாது என்று ஒரு தடவை வாய் திறந்து சொல்லிப் பார். அதைக் கேட்டுப் போகிறவர்கள் போகட்டும். அஸீமா போகமாட்டாள், போகிற பிள்ளை இந்த வெயிலில் நம் ஊரில் சந்து சந்தாக, ஒழுங்கை ஒழுங்கையாக வீடு தேடமாட்டாள்.

அவர்கள் நாளை வரை பாசிக்குடாவில்தான், அப்ஹாமிடம் இந்தக் கடிதத்தை ஹோட்டலுக்குக் கொடுத்தனுப்புகிறேன், திரும்பிப் போகும்போது அவள்தான் கொண்டுவருவாள், உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். கறித்தூளும் மாசிக் கருவாடும் வைத்திருக்கிறேன். சஹனை அன்றைக்கே அவளிடம் கொடுத்துவிட்டேன், அவளுடைய பெட்டி பெரியது. எதற்கு என்று கேட்டாள், ஹப்ஸா சொல்லுவா என்றேன். நீயே சோறாக்கு, குழைந்தால் பரவாயில்லை, சஹனில் அவளை எதிரில் இருத்து, உண்மையை நீயே சொல்லு, நான் ஓம் என்று சொன்ன பொய்யையும் சேர்த்துத் திருத்திவிடு.

அல்லாஹ் உன் அறிவையும் ஈமானையும் வயிற்றையும் நிறைத்து வைக்கட்டும். குளிருக்குக் காலுறை போட்டுப் படு. அவளை ஒரு பகல் நேரத்துக்கே கூப்பிடு, அன்றைக்கும் நோன்பு என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் பசி தெரிந்த உம்மா,
றஸீனா